ஐந்து சுற்று வயர்

எனக்குத் தலை பின்ன நேரமாகும், சிஸ்டர். அம்மா அதற்காகவே தினமும் என்னைத் திட்டுவாள். மூன்று கால் முடியையும் ஒரே கனமாகப் பிரிக்காவிட்டால் பின்னல் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். மற்றப் பெண்கள் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். நான் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து பின்னுவேன். கையில் எடுத்த வேலை நேராக வரவேண்டும் என்று நினைப்பது தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

இந்த நேரத்தில் கதவைத் தட்டியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அண்ணன் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயந்தரம் நீங்கள் போட்ட கட்டு அப்படியே இருக்கிறது. அவன் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். விடிந்ததும் மண்டபம் ஊருக்குப் போய் மீன்துறை ஆபீசர் முன்னால் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். என் அண்ணன் சிலுவைமுத்து தன் கவனக்குறைவால் படகைக் கடலடிக் கல்பாரில் ஏற்றி இரண்டு பேரைச் சாகக் கொடுத்தானா, இல்லை வேறு காரணமா என்பதை அந்தத் தாளை வைத்துத்தான் முடிவு பண்ணுவார்கள். அவன் கவனக்குறைவு என்று ஆனால் இனி எந்தப் படகிலும் சுக்கான் பிடிக்க விடமாட்டார்கள். கேஸ் வந்தாலும் வரும். வலது கை நசுங்கிவிட்டதால் தாளை நான்தான் எழுதினேன். இடது கைப் பெருவிரல் ரேகை மட்டும் இன்னும் வைக்கவில்லை. வைப்பதற்குள் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் நடுவிலேயே பாவத்துக்கு மனஸ்தாபப்படச் சொல்வார். நீங்கள் முழுவதையும் கேட்பீர்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

அண்ணன் மண்டபத்தில் மிஷின் படகுப் பயிற்சிக்குச் சேர்ந்தபோது அவனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். நான் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். சனிக்கிழமை சாயந்தரம் வருவான். அந்த வாரம் வாத்தியார் சொன்னதையெல்லாம் வாயால் சொல்வான். நான் நீல அட்டை போட்ட ஒரு நோட்டில் அதை எழுதி, மீட்டர்களைப் படம் வரைந்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கேள்வி கேட்பேன். தப்பாகச் சொன்னால் மறுபடியும் கேட்பேன். முதல் பக்கத்தில் என் பெயரை எழுதியிருந்தேன். இ. ஜோதிமேரி. இ என்றால் இன்னாசி, செத்துப்போன எங்கள் அய்யா. சுற்றிலும் ஒரு கொடியும் வரைந்திருந்தேன்.

அவன் தேறினான். அரசாங்கத்து மிஷின் படகு ஒன்று அவன் பொறுப்பில் வந்தது. கூடப் போகிறவர்கள் இரண்டு பேர். சவேரியார் மாமா, நாற்பது வருஷம் பாய் வள்ளத்தில் போனவர். இன்னொருவன் சகாயம், அண்ணனுக்குச் சிநேகிதன், போன தை மாதம்தான் பிச்சையம்மாளைக் கட்டியவன்.

எங்கள் தங்கச்சிமடத்துக் கரையில் பெண்கள் படகில் கால் வைக்க மாட்டோம். உங்களுக்கே தெரியும். வள்ளமானாலும் மிஷின் படகானாலும் அப்படித்தான். காயப்போட்ட வலையைக்கூடத் தாண்ட மாட்டோம். அதனால் நான் அந்தப் படகுக்குப் போக முடியாது. கோளாறான சாமான்தான் என்னிடம் வரும். அண்ணன் மீட்டர்ப் பலகையைத் திருகி எடுத்து, சாக்கில் சுற்றி, இருட்டியபிறகு அடுப்படிக்குக் கொண்டுவருவான். நான் சரிபண்ணித் தருவேன். விடியும் முன்னால் கொண்டுபோய் மாட்டிவிடுவான். கரையில் எல்லாரும் அவனை மெக்கானிக் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. அவனுக்குக் கிடைத்தால் எனக்குக் கிடைத்தமாதிரி என்று நினைத்தேன்.

முதலில் வந்தது ஆயில் மீட்டர். முள் எழுந்திருக்கவே இல்லை. மிஷின் போய்விட்டது என்று அண்ணன் முகம் வெளுத்திருந்தான். மீட்டருக்கு வருகிற மெல்லிய செம்புக் குழாயில் பழைய ஆயில் பசைமாதிரி அடைத்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பி விட்டு எடுத்தேன். அடுத்து சூடு மீட்டர். தண்ணீர் கொதிக்கிற சூடு எவ்வளவு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதனால் மீட்டரின் குமிழை உலைப்பானையில் விட்டுப் பார்த்தேன்.

"ஏ புள்ள, சோத்துப் பானைக்குள்ள என்னத்த முக்குற?" என்றாள் அம்மா.

"சூடு மீட்டரும்மா. ஒலை கொதிக்கிறப்ப முள்ளு எரநூத்திப் பன்னெண்டுல நிக்கணும்."

"நிக்கிதா?"

"எரநூறுலதான் நிக்கிது."

"அப்ப எஞ்சோறு வேகலைன்னு சொல்லுதாக்கும் அந்த மீட்டரு. முப்பது வருசமா அது இல்லாமத்தான் வடிக்கிறேன், போய்ச் சொல்லு அதுகிட்ட."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். முள்ளைக் கழற்றி, சரியான எண்ணில் வைத்து மாட்டினேன். அன்றைக்குத்தான் அவன் சொன்னான், "இந்தப் போட்டு வள்ளம் மாதிரி இல்ல புள்ள, கவர்மெண்டு போட்டு. ஒருநா ஒன்ன ஏத்திக் காட்டுறேன். நீ சரிபண்ணுனதெல்லாம் எங்கெங்க இருக்குன்னு நீ பாக்கணும்ல." நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான். அதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

காம்பஸ் பெட்டிக்கு விளக்குப் போடலாம் என்பது என் யோசனை. அதுவரைக்கும் இருட்டில் பெட்டியைப் பார்க்க சகாயம் அரிக்கேன் பிடிப்பான். காற்றடித்தால் அணைந்துபோகும். பாட்டரியிலிருந்து வயர் இழுத்துப் பெட்டிக்குள் ஒரு சின்னப் பல்பு வைக்கச் சொன்னேன். அண்ணன் ஒரு வயரை இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் கொண்டுவந்து முடித்தான். முதல் நாளே கோளாறு. விளக்கைப் போட்டால் திசை எழுதிய காம்பஸ் அட்டை லேசாகத் திரும்பியது. அணைத்தால் பழைய இடத்துக்கு வந்தது.

சகாயம் பாட்டரியைத் தோளில் சுமந்து கொண்டுவந்து அடுப்படியில் இறக்கினான். "ஏ புள்ள மேரி, ஒங்க பெட்டிக்கு வெளிச்சம் கண்டா வெக்கம் போல. மொகத்தத் திருப்பிக்கிடுது" என்றான்.

இரண்டு ராத்திரி அதையே வைத்துப் பார்த்தேன். வயரில் கரண்டு ஓடும்போது அதுவும் காந்தம்மாதிரி நடந்துகொள்கிறது. போகிற வயரும் திரும்பி வருகிற வயரும் தனித்தனியாக இருந்தால் அட்டையை இழுக்கும். இரண்டும் ஒட்டிக்கிடந்தால் ஒன்றின் இழுப்பை மற்றது அடித்துவிடும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு வயரோடு மூன்றாவது காலாக மரப்பட்டைச் சாயம் ஏறிய சிவப்பு வலைநூலைச் சேர்த்து, தலை பின்னுவதுபோலப் பின்னினேன். விளக்கைப் போட்டேன். அட்டை அசையவில்லை. அண்ணன் ஏழெட்டுத் தடவை போட்டுப் போட்டு அணைத்தான். "நீ ஆம்பளையாப் பொறந்திருந்தா மண்டபத்துல வாத்தியாரா இருக்கலாம் புள்ள" என்றான்.

அதையும் நோட்டில் எழுதினேன், படத்தோடு. கூடவே பதினான்காம் பக்கத்தில் இப்படி எழுதினேன்: வானம் மூடியிருக்கும்போது உடம்பை நம்பக் கூடாது, பெட்டியைப் பார்க்க வேண்டும்.

நம் கோயில் கொடியேற்றத்துக்கு முதல் நாள் மைதானத்தில் கூட்டம் போட்டார்களே, நீங்களும் வந்திருந்தீர்கள். ஆபீசர் ஜீப்பில் வந்தார். அண்ணன் என் நோட்டை அவர் கையில் கொடுத்தான். நான் பெண்கள் பக்கத்தில் அம்மாவோடு நின்றேன். ஆபீசர் பக்கம் பக்கமாகப் புரட்டி, பின்னல் வயர் படத்தில் நிறுத்தி, "இத நீயே கண்டுபிடிச்சியா?" என்றார். அண்ணன் ஆமாம் என்றான். எழுத்து முத்துமுத்தாக இருக்கிறது என்றார். அதற்கும் தலையாட்டினான்.

சகாயம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே சிலுவை, இது ஒந்தங்கச்சி எழுத்துமாதிரியில்ல இருக்கு?" என்றான். அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. அவனுக்கு எல்லாம் விளையாட்டு.

"அவளா?" என்றான் அண்ணன். "அவளுக்குக் கடியாரத்துல மணி பாக்கவே தெரியாது சார்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆபீசரும் சிரித்தார். பெண்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் நின்றால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கம் இல்லை. கேட்டதற்கு, ஈரத்தில் கிழிந்துவிட்டது என்றான். ஈரத்தில் கிழிகிற காகிதத்துக்கு விளிம்பு நேராக இருக்காது, சிஸ்டர். அது அடிக்கோல் வைத்துக் கிழித்த விளிம்பு.

பத்து நாள் கழித்து அவன் சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னான். அவனை மண்டபத்தில் வாத்தியாராக எடுக்கப்போகிறார்கள். நோட்டை அச்சடித்துப் பயிற்சிக்கு வருகிற எல்லாருக்கும் கொடுப்பார்கள்.

"எம்பேரு போடுவாகளாண்ணே?" என்று கேட்டேன்.

"பொம்பளப் புள்ள பேரு போட்டா எவன் படிப்பான்?"

"பின்னல் வயராவது எந்தங்கச்சி பண்ணுனதுன்னு சொல்லேன்."

"ஏ புள்ள, நீ கெட்டிக்கிட்டுப் போற எடத்துல சோறு வடிச்சா போதும். அதுக்கு மீட்டரு வேணாம்" என்றான். தட்டை நகர்த்திவிட்டுக் கை கழுவப் போனான். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். படகில் ஏற்றிக் காட்டுகிறேன் என்று சொன்னதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

அதற்குப் பிறகு மீட்டர்ப் பலகை வீட்டுக்கு வரவில்லை. நோட்டுதான் அவனிடம் இருக்கிறதே. அதைப் பார்த்து அவனே திருகிக்கொண்டான். ஒரு மாதத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. நான் மீன் காயவைத்தேன், தண்ணீர் எடுத்தேன். சீனாச் சண்டை என்று ரேடியோப் பெட்டி இருந்த கடைமுன் எல்லாரும் நின்ற ஐப்பசி மாதம் அது. எனக்கு அந்த ரேடியோவின் பின்பக்கத்தைப் பார்க்கத்தான் ஆசை.

அப்புறம் காம்பஸில் குமிழி விழுந்தது. உள்ளே இருக்கிற ஸ்பிரிட் குறைந்தால் அட்டை ஒட்டி ஒட்டித் திரும்பும். அதை எப்படி நிரப்புவது என்று நோட்டில் இல்லை. நான் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான். பெட்டி வந்தது. அன்றைக்கு அவர்கள் மூன்று பேரும் வடகடலுக்குப் போகவேண்டிய நாள்.

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சு வையி. சகாயம் வந்து எடுத்துக்குவான். யார்ட்டயும் மூச்சு விடாத" என்று சொல்லிவிட்டு அண்ணன் போய்விட்டான். என்ன கோளாறு என்று என்னிடம் கேட்கக்கூட இல்லை. வண்ணானிடம் துணி போடுகிறமாதிரி போட்டுவிட்டுப் போனான்.

பாட்டரியைக் கொண்டுவந்த சகாயம் மட்டும் கொஞ்சம் நின்றான். அவனிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். "சகாயண்ணே, வடகடல்லருந்து ராவுல திரும்புறப்ப போட்டோட தல கொஞ்சம் கெழக்க போயிட்டா எங்க வந்து சேருவீக?"

"கொஞ்சம் தப்புனா வில்லூண்டி மணலு. கரையில போட்டுட்டு நடந்து வந்துரலாம், மானம்தான் போகும். ரொம்பத் தப்புனா ஓலைக்குடாப் பாரு. வாடைக்காலத்துல அந்தக் கல்லுல ஏறுனா எலும்பு தேறாது. எதுக்குக் கேக்குற, நீ வாரியா சுக்கான் பிடிக்க?"

"சும்மாதான்" என்றேன்.

ஸ்பிரிட் நிரப்ப அரைமணி நேரம்தான் ஆனது. அதை ஒழுங்காகத்தான் செய்தேன். பிறகு பின்னலை அவிழ்த்தேன். சிவப்பு நூலை அடுப்பில் போட்டேன். ஒரு வயரை விளக்குக்கு வெளிப்பக்கமாகத் தனியே விட்டேன். மற்ற வயரைப் பெட்டியின் உட்சுவரோடு ஒட்டி, அடிவழியாக எடுத்து, மேல் விளிம்பு வழியாகத் திருப்பி மூன்று சுற்றுச் சுற்றினேன். மேலே கறுப்புத் துணி ஒட்டினேன். விளக்குப் போடாத வரைக்கும் பெட்டி சரியாகக் காட்டும். பகலில் யார் எத்தனை தடவை பார்த்தாலும் சரியாகத்தான் காட்டும்.

அவன் ஒரு தடவை வழி தப்ப வேண்டும் என்றுதான் நினைத்தேன், சிஸ்டர். வில்லூண்டி மணலில் படகைப் போட்டுவிட்டு, கரையெல்லாம் சிரிக்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரவேண்டும். என்ன கோளாறு என்று பாரு புள்ள என்று கேட்க வேண்டும். அது ஒன்றும் பெரிய ஆசையில்லை.

தரையில் கரித்துண்டால் கோடு போட்டு அளந்து பார்த்தேன். மூன்று சுற்றுக்கு அட்டை திரும்பியது கொஞ்சம்தான். அவர்கள் போகிற தூரத்துக்குக் கணக்குப் போட்டால் வில்லூண்டி வந்தது. எந்தப் பக்கமாகச் சுற்றினால் தலை கிழக்கே போகும் என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். எல்லாம் முடிந்தது. துணியை ஒட்டியும் விட்டேன். பிறகு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று சுற்றுப் போதாது என்று தோன்றியது. துணியைப் பிரித்து இன்னும் இரண்டு சுற்று விட்டேன். ஏன் என்று நீங்கள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்று சுற்றில் அவனே கண்டுபிடித்துச் சமாளித்துவிடுவானோ என்று நினைத்திருக்கலாம்.

சாயந்தரம் சகாயம் வந்தான். பாட்டரியைத் தோளிலும் பெட்டியைக் கக்கத்திலும் வைத்துக்கொண்டு, "என்ன, பெட்டிக்குத் தல பின்னிப் பூ வச்சு விட்டியா?" என்றான்.

"மழை வரும்போல இருக்கு" என்றேன்.

"வந்தா வரட்டும். பெட்டிதான் இருக்குல்ல" என்றான்.

அவன் தெருமுனை திரும்பும் வரைக்கும் வாசலில் நின்றேன். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். பிச்சையம்மாளுக்கு ஏழு மாதம் என்பது எனக்குத் தெரியும். அப்போது அது மனதில் வரவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். வந்தது. கூடவே, அவன்தான் மைதானத்தில் பேச்சை ஆரம்பித்தவன் என்பதும் வந்தது.

கடலில் நடந்ததை அண்ணன் சொல்லித்தான் தெரியும். இந்த ஒன்பது நாளாக அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். திரும்பும்போது மழை. பாம்பன் விளக்கும் தெரியவில்லை, ஒரு நட்சத்திரமும் இல்லை. பெட்டி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். சவேரியார் மாமா பின்னால் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தாராம்.

"ஏலே சிலுவை, வாடை வலப்பக்கத்து முதுகுல அடிக்கணும்ல. இப்ப எடப்பக்கம் அடிக்குது. தல கெழக்க போகுதுலே."

"பெட்டி நேராத்தான் காட்டுது மாமா."

"பெட்டியக் கடல்ல போடு. எம்முதுகு சொல்லுது."

"மானம் மூடியிருக்கு மாமா. இந்நேரம் ஒடம்ப நம்பக் கூடாது. பெட்டியப் பாக்கணும்."

அது என் வாக்கியம். பதினான்காம் பக்கம். அவன் தப்பில்லாமல் சொல்லியிருக்கிறான். நான் அத்தனை ஞாயிற்றுக்கிழமை கேள்வி கேட்டது வீண் போகவில்லை.

சவேரியார் மாமா சுக்கானைப் பிடுங்கப் பார்த்தாராம். சகாயம்தான் அவரைப் பிடித்து உட்காரவைத்தானாம், "விடு மாமா, அவன் படிச்சவன்" என்று சொல்லி. கொஞ்ச நேரத்தில் அடியில் கல் இடித்திருக்கிறது. இரண்டாவது அலையில் படகு சாய்ந்து அண்ணனின் வலது கை கல்லுக்கும் படகுக்கும் நடுவில் மாட்டியது. மாமாவை மறுநாள் ஓலைக்குடாவில் எடுத்தார்கள். சகாயம் மூன்றாம் நாள் கிடைத்தான்.

விடிந்து அண்ணனைக் கட்டுமரத்தில் கொண்டுவந்து இறக்கினபோது இடது கையால் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான். யார் கேட்டும் கொடுக்கவில்லை. நேரே என்னிடம் வந்து நீட்டினான். "என்ன கோளாறுன்னு பாரு புள்ள" என்றான்.

அவனை உங்களிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அம்மாவும் கூட ஓடிவந்தாள். வீட்டில் ஆளில்லை. சுற்றை எடுத்தேன், துணியைக் கிழித்தேன், இரண்டு வயரையும் வலைநூல் சேர்த்துப் பழையபடி பின்னினேன். அன்றைக்கும் பின்னல் முறுக்கிக்கொள்ளாமல் நேராகத்தான் வந்தது.

நாலாம் நாள் ஆபீசர் வந்தார். வேறு பாட்டரி வைத்து விளக்கைப் போட்டு, பெட்டியை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "பெட்டியில ஒரு குத்தமும் இல்ல" என்று எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "இந்தப் பெட்டியில வேற யாரும் கை வச்சாங்களாம்மா?" என்று கேட்டார். அண்ணன் பாயில் படுத்தபடி என்னைப் பார்த்தான். நான் சொல்லிவிடுவேன் என்று அவன் எதிர்பார்த்தான். என் தங்கை சரிபண்ணின பெட்டி, அவளைக் கேளுங்கள் என்று சொல்ல அவனுக்கு அப்போதுகூட வாய் வரவில்லை.

"அதெல்லாம் அண்ணன்தான் சார் பாக்கும்" என்றேன். "எனக்குக் கடியாரத்துல மணி பாக்கவே தெரியாது."

ஆபீசர் சிரிக்கவில்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

பிச்சையம்மாள் வீட்டுக்குத் தினமும் போகிறேன். அவள் எழுந்திருப்பதில்லை. நான்தான் உட்காரவைத்துத் தலை வாரிப் பின்னிவிடுகிறேன். என் கை மெதுவாக இருக்கிறது என்று சொன்னாள்.

ராத்திரி வாக்குமூலம் எழுதி முடித்தேன். அண்ணன் அது இது என்று சொன்னான், நான்தான் கோவையாக எழுதினேன். எப்படி எழுதினால் ஆபீசில் எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். பெட்டியில் குற்றமில்லை என்று அவர்களே எழுதிவிட்ட பிறகு வேறு எப்படி எழுதுவது? வானம் மூடியிருந்த நேரத்தில் பெட்டியைச் சரியாகப் பார்க்காமல் என் உடம்பை நம்பிச் சுக்கான் பிடித்தேன், கூட வந்தவர் எச்சரித்தும் கேட்கவில்லை என்று எழுதினேன்.

வாசித்துக் காட்டும் முன்னால் அவன் பெட்டியைக் கேட்டான். மடியில் வைத்துத் திறந்தான். இடது கைவிரலால் பின்னலைத் தடவினான். மேலிருந்து கீழ்வரைக்கும் தடவினான்.

"வலைநூலு செவப்பால்ல இருந்துச்சு" என்றான்.

அப்போதுதான் பார்த்தேன். அவசரத்தில் புது நூலைப் போட்டிருக்கிறேன். சாயம் ஏறாத வெள்ளை நூல். ஆபீசருக்கு அது தெரிந்திருக்காது. பட்டைச் சாயம் கடல் தண்ணீரில் வெளுக்காது என்பது எங்கள் கரையில் பிறந்தவனுக்குத் தெரியும்.

"உப்புத் தண்ணியில வெளுத்திருக்கும்ண்ணே" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். அவன் கத்தியிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன். அடித்திருந்தால் இங்கே ஓடி வந்திருக்க மாட்டேன். அவன் பெட்டியை மூடிவிட்டு, "வாசி" என்றான். வாசித்தேன். ஒரு இடத்திலும் நிறுத்தச் சொல்லவில்லை. முடித்ததும், "அடியில ஒம்பேரப் போடு" என்றான்.

"எதுக்குண்ணே?"

"எழுதுனது நீதான. அந்த நோட்டுலயும் போட்டிருக்கணும். நாந்தான் கிழிச்சேன். போடு."

பேரைப் போட்டேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. விடிந்ததும் அவன் ரேகை வைப்பான், எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஒரு வார்த்தை சொல்ல மாட்டான். ஆனால் வேறு வழியாகப் பார்த்தால், என் அண்ணன் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டான். நான் கேட்காமலே சொன்னான். இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. அதனால் யார் பேரில் குற்றம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எழுந்திருக்காதீர்கள், சிஸ்டர். விளக்கைத் தூண்டவும் வேண்டாம். நான் அழவில்லை.

தாள் என்னிடம்தான் இருக்கிறது, இதோ. கீழே எழுதியிருக்கிறேன் பாருங்கள். எழுதியவர்: இ. ஜோதிமேரி. அந்த ஆபீசர் நோட்டைப் பார்த்தவர், இரண்டும் ஒரே எழுத்து என்று கண்டுபிடித்துவிடுவார். அவர் உங்களிடம் மரியாதையாகப் பேசுகிறவர். நீங்கள் எனக்காக அவரிடம் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். ஆபீசில் இந்தத் தாளைக் கட்டிவைக்கும்போது, அடிப்பக்கத்தை யாரும் கிழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.